மறந்தது பாடம், மறக்காதது பாதை



பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களிடம் தாய்மார்கள் படிக்கிற பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. படிப்பை விட்டு வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளையைப் பற்றியும் பேசுவார்கள். அதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அப்படிப் பேசிய ஒரு தாய் கேட்ட கேள்விதான் இம்முறை இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறது.

“டீச்சர், அவனுக்குச் சொன்னது எதுவும் நினைவில் நிற்கிறதில்லை. கடைக்கு மூன்று சாமான் வாங்க அனுப்பினால் ஒன்றோடு வருகிறான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன இடத்துக்குப் போகிற வழி மட்டும் மறக்கவே இல்லையே! இரண்டு வருஷம் உள்ளே இருந்து வந்தவன், வந்த வாரமே அங்கே போய் நின்றான். இது என்ன மறதி, டீச்சர்?”

படிக்காத தாய் கேட்ட கேள்வி என்று தள்ளிவிட முடியாது. மூளை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியும் இதுவேதான். அபின் வகைப் போதைப்பொருள் மூளையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. புதிய பாடம் பதியவிடாமல் தடுக்கிறது. அதே நேரத்தில் தன்னைப் பற்றிய பாடத்தை மட்டும் அழியாமல் எழுதி வைக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், நம் பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்பதும் புரியும். சில வேளை அவன் உயிரைக் காக்கவும் அது உதவும்.

பினாங்கும் அபினும்

நம் பினாங்குக்கு அபின் புதிதன்று. 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இங்கே அபின் விற்கும் உரிமையை அரசாங்கமே ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. நாம் பிறந்து வந்த இந்தியாவின் வங்காளப் பகுதியில் விளைந்த அபின்தான் கப்பலேறி இங்கே வந்தது. அரசாங்க வருமானத்தில் அதற்குப் பெரும் பங்கு இருந்தது. ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் முதுகொடிய உழைத்த சீனத் தொழிலாளர்கள் உடல் வலி தீரப் புகைத்தார்கள். பிறகு புகைப்பதற்காகவே உழைத்தார்கள்.

இதை எதிர்த்து நின்றவர் பினாங்கு மண்ணின் மைந்தர் ஒருவர். டாக்டர் வூ லியன் தே 1879-ல் இங்கே பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துத் திரும்பி, நமக்கெல்லாம் பழக்கமான சூலியா தெருவில் மருத்துவம் பார்த்தார். 1906-ல் ஈப்போவில் கூடிய அபின் எதிர்ப்பு மாநாட்டில் அவர் முன்நின்றார். பிற்காலத்தில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றதும் இவரேதான். 1910-ல் அபின் வியாபாரம் குத்தகைக்காரர் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அபின் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

1970-களில் ஹெரோயின் வந்தது. அபின் புகைத்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஹெரோயின் பிடித்ததோ இளைஞர்களை. தோட்டத்து லயங்களும் அதற்குத் தப்பவில்லை. 1983 பிப்ரவரி 19-ஆம் நாள் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தது. இன்று சியாபு என்ற வேறு வகைப் போதை முந்திக்கொண்டு நிற்கிறது. ஆயினும் ஹெரோயினும் அதன் உறவுகளும் நம்மை விட்டுப் போய்விடவில்லை.

ஒரே குடும்பத்துப் பொருள்கள்

அபின் என்பது கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால். நாம் பால்மரத்தைக் கீறிப் பால் எடுப்பது போலத்தான். அந்த அபினிலிருந்து மார்பின் என்ற பொருளை 1800-களின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்தார். மார்பினை மாற்றிச் செய்ததே ஹெரோயின். 1898-ல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்! சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் பையன்கள் இருமல் இல்லாமலே இருமல் மருந்துப் புட்டியைத் தேடுவது இதனால்தான்.

இவை மூளைக்குள் புகுந்து எங்கே உட்காருகின்றன? 1973-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அதற்கு விடை கண்டனர். மூளை அணுக்களின் மேல் பூட்டுகள் போன்ற சில இடங்கள் இருக்கின்றன. மார்பின் அவற்றில் சாவி போலப் பொருந்துகிறது. கசகசாச் செடிக்காகவா இறைவன் நம் மூளையில் பூட்டு வைத்தான்? இல்லை. 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், மூளை தானே செய்துகொள்ளும் சாவியைக் கண்டுபிடித்தனர். அடிபட்டால் வலியைத் தணிக்கவும், பசித்தபோது உண்டால் இன்பம் தரவும் உடலே அளந்து அளந்து விடும் பொருள் அது. ஹெரோயின் அதே பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவி. அதற்கு அளவு கிடையாது.

அந்தப் பூட்டுகள் வலி உணரும் இடத்தில் மட்டும் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். மூச்சை நடத்தும் இடத்தில் இருக்கின்றன. இன்பம் உணரும் இடத்தில் இருக்கின்றன. நினைவை உருவாக்கும் இடத்திலும் இருக்கின்றன.

பாடம் மனத்தில் பதிவது எப்படி?

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும், கடற்குதிரை வடிவில் வளைந்த ஒரு சிறு பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்று அதற்குப் பெயர். இன்று வகுப்பில் கேட்டதை நாளைக்கும் நினைவிருக்கும்படி பதிய வைப்பது அந்தப் பகுதியின் வேலை. இதை வகுப்பறைச் சேமிப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வாய்பாட்டை ஒரு குழந்தை முதல் நாள் சொல்லும்போது தடுமாறும். பத்து நாள் சொன்னபின் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். இடையில் நடந்தது என்ன? ஒரு மூளை அணு இன்னொரு மூளை அணுவோடு பேசும் வழி, பேசப் பேசப் பலப்பட்டுவிட்டது. புதுக் காட்டில் முதல்முறை நடப்பவன் செடியை விலக்கி நடக்கிறான். தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுகிறது. கற்றல் என்பது இப்படிப் பாதை விழுவதுதான்.

மார்பின், ஹெரோயின் வகைகள் நாள்தோறும் உடம்பில் ஏறும்போது இந்தப் பாதை விழும் வேலை கெடுகிறது. அணுக்கள் ஒன்றையொன்று பலப்படுத்திக்கொள்ளும் ஒழுங்கு குலைகிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து மார்பின் கொடுக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் தோன்றுவது 42 விழுக்காடு குறைந்திருந்தது. அளவு மீறி மூச்சு தடுமாறி, தெய்வாதீனமாகப் பிழைத்தவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. மூளையில் பிராணவாயு குறைந்தால் முதலில் அடிபடும் பகுதிகளில் இந்த ஹிப்போகாம்பஸும் ஒன்று.

ஆகவே அந்தத் தாயின் மகன் மூன்று சாமானில் இரண்டை மறந்தது வேண்டுமென்றே செய்ததன்று. “காதிலேயே வாங்க மாட்டான்” என்று வீட்டில் திட்டுகிறோம். காதில் வாங்கினான், பெட்டியில்தான் அது தங்கவில்லை.

கெத்தும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை

“எங்கள் பையன் ஹெரோயின் பக்கமே போக மாட்டான், கெத்தும் நீர் மட்டும்தான்” என்று சொல்லும் பெற்றோர் உண்டு. கெத்தும் மரம் நம் வடக்குப் பக்கத்தில் தானாக வளர்வது. கெடா, பெர்லிஸ், செபராங் பிறைக் கம்பங்களில் உழைப்பாளிகள் அசதி தீர அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம். அது கசகசாக் குடும்பம் இல்லை. காப்பிச் செடியின் குடும்பம். ஆனால் அதிலுள்ள மித்ராஜினைன் என்ற பொருள் போய் உட்காருவதும் மூளையில் அதே அபின் பூட்டுகளின் மேல்தான். 2003 முதல் அந்தப் பொருள் நம் நாட்டில் நச்சுப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இதைப் பற்றி உலகத்திலேயே அதிகமாக ஆராய்ந்தவர்களில் நம் பினாங்குக்காரர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் போதைப்பொருள் ஆய்வு மையம் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் எலிகளுக்கு மித்ராஜினைனைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் கற்கும் திறன் தடுமாறியது. மனிதர்களிடமும் சோதித்தார்கள். வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 70 பேரையும் குடிக்காத 25 பேரையும் உட்கார வைத்து நினைவுத் தேர்வு நடத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள்.

முடிவை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். பெரும்பாலான தேர்வுகளில் இரு கூட்டத்தாரும் சமமாகவே இருந்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று குவளைக்கு மேல் குடிப்பவர்கள் ஒரு தேர்வில் பின்தங்கினார்கள். எந்தப் பெட்டியில் எந்தப் படம் இருந்தது என்று பார்த்து நினைவில் வைக்கும் தேர்வு அது. புதியதைக் கற்றுப் பதிய வைக்கும் திறனைச் சோதிப்பது. வேலை செய்வான், நடப்பான், பேசுவான், வித்தியாசம் தெரியாது. புதிதாக ஒன்றைக் கற்க உட்கார்ந்தால்தான் குறை வெளிப்படும். படிக்கிற வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன நஷ்டம் வேண்டும்? கெத்தும் நீரில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கும் விபரீதத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறக்காத நினைவு

இனி அந்தத் தாயின் கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். எல்லாம் மறந்தவனுக்கு அந்த வழி மட்டும் எப்படி மறக்கவில்லை?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் பாவ்லோவ் என்ற ரஷ்ய அறிஞரைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். உணவு கொடுக்கும் முன் ஓர் ஓசை எழுப்பிப் பழக்கினால், பிறகு ஓசை கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு எச்சில் ஊறும். நாய் எதற்கு, நம் தோட்டத்தையே பாருங்கள். நாற்பது வருஷம் பெரட்டு மணிக்கு எழுந்த தாத்தா, வேலையை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து பத்து வருஷம் ஆனபின்னும் விடியற்காலை எழுந்து உட்கார்ந்துகொள்வார். மணி அடிக்கவில்லை, காடும் இல்லை. உடம்பு மட்டும் மறக்கவில்லை.

ஹெரோயின் இந்தப் பழக்கத்தை ஆயிரம் மடங்கு அழுத்தி எழுதுகிறது. நல்லது நடந்தால் “இதை நினைவில் வை” என்று மூளைக்குள் முத்திரை குத்தும் பகுதி ஒன்று உண்டு. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் முத்திரை விழும். தாயைக் கண்ட குழந்தைக்கு முத்திரை விழும். அந்தப் பகுதி அளவு மீறாமல் இருக்க ஒரு பிரேக்கும் உண்டு. கள்ளச்சாவி அந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. 2007-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒரே ஒரு முறை மார்பின் கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிரேக்கைப் பலப்படுத்திக்கொள்ளும் திறன் திரும்பவில்லை. “ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப்போகிறது” என்று கேட்கும் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

முத்திரை போதைக்கு மட்டும் விழுவதில்லை. அதைச் சுற்றி இருந்த எல்லாவற்றின் மேலும் விழுகிறது. அந்தச் சந்து, அந்தப் பாலத்தடி, கூட இருந்த கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், சம்பள நாள், கையிலிருக்கும் ஐம்பது வெள்ளி நோட்டு, வீட்டில் நடந்த சண்டை. இவை ஒவ்வொன்றும் ஒரு பெரட்டு மணி.

1940-களில் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரத்து மருத்துவமனையில் ஆபிரகாம் விக்லர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். போதையை விட்டு உடம்பு தேறிய நோயாளிகள், கூடி உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கொட்டாவி விட்டார்கள்; கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. பல மாதங்களுக்கு முன் விட்ட பொருளுக்கு, பேச்சைக் கேட்டதற்கே உடம்பு துடித்தது. ஊர் திரும்பிப் பழைய தெருவில் கால் வைத்தவர்களுக்கும் இதே கதிதான். நம் தோட்டத்துப் பிள்ளை வந்த வாரமே அங்கே போய் நின்றதற்குக் காரணம் இதுதான். நன்றி கெட்டதனமென்று நாம் நினைக்கிறோம். அவன் மூளையில் மணி அடித்திருக்கிறது.

பழைய அளவு கொல்லும்

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

நாள்பட்டுப் பழகியவன் முன்பைவிட அதிக அளவு எடுத்தாலும் தாங்குகிறான் என்பது எல்லாரும் அறிந்ததே. அந்தத் தாங்கும் சக்தியிலும் ஒரு பகுதி கற்றுக்கொண்ட பாடம்தான். பழகிய இடத்தைக் கண்டதும், வரப்போகும் மருந்துக்கு எதிராக உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. 1982-ல் கனடாவில் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவும் இதை எலிகளிடம் சோதித்தார்கள். எலிகளுக்கு ஓர் அறையில் ஹெரோயினைப் படிப்படியாகக் கூட்டிப் பழக்கிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய அளவு கொடுத்தார்கள். பழகிய அறையிலேயே பெற்ற எலிகளில் 32 விழுக்காடு இறந்தன. ஹெரோயினுக்குப் பழகாத வேறு அறையில் வைத்துக் கொடுத்த எலிகளில் 64 விழுக்காடு இறந்தன. ஹெரோயினே அறியாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. அளவு ஒன்றுதான். இடம் மாறியதால் சாவு இரண்டு மடங்காயிற்று.

உள்ளே மாதக்கணக்கில் இருந்து வந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டது. ஆனால் ஆசையின் நினைவு அப்படியே இருக்கிறது. பழைய அளவும் நினைவிருக்கிறது. முன்பு எடுத்த அதே அளவை, மறைவாக, புதிய இடத்தில், தனியாக எடுக்கிறான். மூச்சு நின்றுவிடுகிறது. வெளியே வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தான வாரங்கள். “திரும்ப எடுத்தால் முகத்திலேயே முழிக்காதே” என்று துரத்திவிடும் வீட்டார், இந்த வாரங்களில் அவனைத் தனிமைக்கு அனுப்புகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

ஒருவன் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்து, மூச்சு மிக மெதுவாக, குறட்டை போல இழுத்து வந்து, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் அது தூக்கமன்று. உடனே 999-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் செய்ய வேண்டியதைத் தொலைபேசியிலேயே சொல்லித் தருவார்கள், கேட்டுச் செய்யுங்கள். போலீசுக்குப் பயந்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இடம் மாறினால் பாதை மங்குமா?

வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெரோயினுக்குப் பழகிப்போனார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். 1971-ல் இந்தச் செய்தி வந்ததும் அமெரிக்காவே அஞ்சியது. இவர்கள் ஊர் திரும்பிய பிறகு என்ன ஆகிறார்கள் என்று லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தொடர்ந்து ஆராய்ந்தார். எல்லாரும் வியந்துபோகும்படி, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடுதான்.

காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் ஒன்று வெளிப்படை. அவர்கள் பழகிய இடம் கடலுக்கு அப்பால் போய்விட்டது. மணி அடிக்க ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. அவனைக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுக்கும் இடம் வேறு. திரும்பக் கொண்டுவந்து விடும் இடம் அதே லயம், அதே அடுக்குமாடி, அதே படிக்கட்டு, அதே கூட்டாளிகள்.

தண்டனையா, மருந்தா?

1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போதைப் பித்தர்களை இரண்டு ஆண்டு மறுவாழ்வு மையத்தில் அடைத்துத் திருத்த முயன்றோம். “புசாட் செரெந்தி” என்றால் தெரியாத குடும்பம் இல்லை. ஒழுங்கு, உடற்பயிற்சி, தொழில் எல்லாம் கற்றுத் தந்தார்கள். அங்கே இருந்தவரை பலரும் நன்றாகவே இருந்தார்கள். வெளியே வந்ததும்தான் விழுந்தார்கள். ஏன் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

2005 அக்டோபரில் நம் நாட்டில் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. மெத்தடோனும் அதே குடும்பத்து மருந்துதான். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஹெரோயின் திடீரென்று ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் முத்திரை விழும். ஒவ்வொரு இறக்கத்திலும் உடம்பு துடிக்கும். மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாளைக்கு மேல் நிற்கும். பூட்டில் சாவி அமைதியாக இருக்கும். ஏற்றமும் இறக்கமும் இல்லை. நாளுக்கு ஒரு முறை கிளினிக்கில் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் 2006-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டு மாதம் மெத்தடோன் எடுத்தவர்களின் நினைவாற்றல் முன்பைவிடத் தேறியிருந்தது.

நம் நாட்டிலேயே கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது. கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்த 89 பேரையும், தாமாக முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்ற 95 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் பாதிப்பேர் 31 நாளுக்குள் மீண்டும் தொட்டுவிட்டார்கள். இரண்டாம் கூட்டத்தில் பாதிப்பேர் தொட 352 நாள் ஆயிற்று. விருப்பத்தோடு வந்தவர்களும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறக்கக்கூடாது. என்றாலும் ஒரு மாதம் எங்கே, ஒரு வருஷம் எங்கே!

வீட்டார் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, நம்மால் மூளையைத் திறந்து பழைய பாதையை அழிக்க முடியாது. புதுப் பாதை போட முடியும். நடக்காத பாதையில் புல் முளைக்கும், அதற்கு நாளாகும்.

முதலாவது, சிகிச்சை. சுகாதார கிளினிக்கிலோ தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திலோ தாமாகப் போய்ச் சிகிச்சை கேட்கலாம். பிடித்துக்கொடுத்தால்தான் சிகிச்சை என்பதில்லை. தாமாக முன்வருவோருக்கு அந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மெத்தடோன் எடுப்பவனை “இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் குடிப்பாய்?” என்று அவசரப்படுத்தி நிறுத்த வைக்காதீர்கள். இனிப்பு நீருக்கு மருந்து எடுக்கும் அப்பாவை அப்படிக் கேட்கிறோமா? நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும்.

இரண்டாவது, மணிகளை மாற்றுங்கள். வேறு ஊரில் அத்தையோ சித்தப்பாவோ ஏற்றுக்கொள்வார்கள் என்றால் சில மாதம் அங்கே இருக்கட்டும். ஆனால் அங்கேயும் தனியாக விடாதீர்கள். புது இடத்தில் தொட்டால் ஆபத்து அதிகம் என்பதை மேலே பார்த்தோம். ஊர் மாற வழியில்லை என்றால் வேலைக்குப் போகும் பாதையை மாற்றுங்கள். கைத்தொலைபேசி எண்ணை மாற்றுங்கள். சம்பள நாளன்று முழுப் பணமும் கையில் இருக்க வேண்டாமென்று அவனோடு பேசி, அவன் சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். சம்பள நாள் மாலையில் அண்ணனோ மாமாவோ கூடவே இருக்கட்டும்.

மூன்றாவது, மறதியோடு சண்டை போடாதீர்கள். மூன்று வேலை சொல்லாமல் ஒன்றைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள். கிளினிக் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு நாங்கள் வகுப்பில் செய்வதும் இதுதான்: சிறிது சிறிதாக, திரும்பத் திரும்ப, கேலி செய்யாமல். மெக்கானிக் வேலையோ வெல்டிங் வேலையோ கையால் செய்து கற்கும் தொழிலில் சேர்த்துவிட்டால், தினமும் நடக்கப் புதுப் பாதை ஒன்று கிடைக்கும்.

நான்காவது, மருத்துவமனையில் கொடுக்கும் மார்பினுக்குப் பயப்படாதீர்கள். புற்றுநோய் வலியில் துடிக்கும் பாட்டிக்கு மருத்துவர் அளந்து கொடுப்பது மருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட்டால் அது அந்தப் பாட்டிக்குச் செய்யும் கொடுமை.

கடைசியாக, படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. இருபது வயதைக் கடந்தும் மூளை முழுமை அடைவதில்லை என்கிறார்கள். அந்த வயதுக்குள் விழும் பாதைகள் ஆழமானவை. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று நேற்றுப் படித்ததை இன்று மறந்தால், பகலில் தூங்கி வழிந்தால், உடனே பிரம்பைத் தேடாதீர்கள். தூக்கமில்லையா, சோகையா, கண் பார்வையா, வீட்டுக் கவலையா, அல்லது அந்தப் புட்டியா என்று விசாரியுங்கள். பள்ளிக்கு வந்து பேசுங்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாலும் பரவாயில்லை, பேசுங்கள். நாங்கள் கேட்கத் தயாராக இருக்கிறோம்.